ஸ்பைடர்மேன் லெகோ செட் ஏன் இவ்வளவு விலை? கட்டைக்கு ஒரு கணக்கு, முகமூடிக்கு ஒரு கணக்கு

வேளச்சேரி – தாம்பரம் சாலையை ஒட்டிய பள்ளிக்கரணை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒரு வீட்டில் பிறந்தநாள் இருக்கும். கேக் மேலே சர்க்கரையில் செய்த ஸ்பைடர்மேன், சுவரில் கேப்டன் அமெரிக்கா பலூன். கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு ரிட்டர்ன் கிஃப்ட் கவர். பத்துப் பதினைந்து வருஷம் முன்பு அதற்குள் பென்சில் பாக்ஸ் இருக்கும், இல்லாவிட்டால் டிபன் டப்பா. இப்போது அடிக்கடி இருப்பது கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் அயன்மேனும், அவனுக்கு ஒரு வண்டி செய்வதற்கான முப்பது, நாற்பது கட்டைகளும்.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்த பிள்ளை சும்மா இருப்பதில்லை. ஒரு கட்டையை எடுத்து, அதன் மேல் உள்ள குமிழை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறது: "அப்பா, இது ஒரிஜினல் இல்லப்பா. மேல பேரே இல்ல பாரு."

உண்மைதான். அசல் லெகோ கட்டையில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் நிறுவனத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கிறது. அப்பாக்களுக்குத் தெரியாத விஷயம் வேறு. ஃபேன்ஸி ஸ்டோரில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய இந்தக் கட்டையும், வேளச்சேரி மாலில் ஆயிரக்கணக்கில் விலை ஒட்டியிருக்கும் பெட்டியின் கட்டையும் பெரும்பாலும் ஒன்றோடொன்று 'டக்'கெனப் பொருந்திவிடும். அளவு ஒன்று, வடிவம் ஒன்று. அப்புறம் எதற்கு இத்தனை விலை வித்தியாசம்? தரம் ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. அது கட்டையில் இல்லை, அந்தக் குட்டி ஆளின் முகத்தில் இருக்கிறது.

கட்டை யாருடையது?

லெகோ, டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-ல் ஒரு தச்சர் தொடங்கிய பொம்மைப் பட்டறை. ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்பது அவர் பெயர். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களை ஒட்டித் தன் பொம்மைகளுக்குப் பெயர் வைத்தார். ஆரம்பத்தில் எல்லாமே மரம்தான். 1949-ல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அந்தக் கட்டைகூட முழுக்க அவர்களுடைய யோசனை கிடையாது. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் 1947 வாக்கிலேயே 'கிடிகிராஃப்ட்' என்ற பெயரில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கட்டைகளை விற்றுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து மாற்றி அமைத்ததுதான் லெகோவின் முதல் கட்டை. இன்று 'காப்பி அடிக்கிறார்கள்' என்று கோர்ட் படி ஏறும் கம்பெனியின் பிறப்பு இப்படி என்பது ஒரு வேடிக்கை.

அவர்கள் சொந்தமாகச் சேர்த்தது கட்டையின் அடியில் இருக்கும் வெற்றுக் குழாய்கள். மேலே குமிழ், கீழே குழாய். ஒன்றின் குமிழ் அடுத்ததன் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். ஆனால் குழந்தை இழுத்தால் கழன்று வரும். பிடிப்பும் விடுப்பும் சரியான அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் மொத்த ரகசியமும். 1958 ஜனவரி 28-ல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்கள். அந்த வருஷக் கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக அடுக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு.

ஆனால் காப்புரிமை என்பது காலாவதி தேதி போட்ட பொருள். கண்டுபிடித்தவருக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை. அப்புறம் ஊருக்கே பொது. இந்தியாவில் இன்று அது 20 ஆண்டு. லெகோவின் காப்புரிமை ஒவ்வொரு நாடாக முடிந்துகொண்டே வந்தது. கனடாவில் 1988-ல் முடிந்தது. அங்கே 'மெகா பிளாக்ஸ்' என்ற கம்பெனி அதே அளவில் கட்டை செய்ய ஆரம்பித்தது. 'சரி, காப்புரிமை போகட்டும். இந்த வடிவமே எங்கள் டிரேட் மார்க், அதற்குக் காலாவதி கிடையாது' என்று லெகோ வாதாடிப் பார்த்தது. 2005-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. குமிழ் என்பது அடையாளம் அல்ல, வேலை செய்யும் உறுப்பு. வேலை செய்யும் உறுப்பை டிரேட் மார்க் என்று சொல்லி நிரந்தரமாகப் பூட்டி வைக்க முடியாது என்றது தீர்ப்பு. 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் இதையே சொன்னது. இந்தியாவின் 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்திலும் இதே தடை எழுதப்பட்டிருக்கிறது: ஒரு தொழில்நுட்ப விளைவுக்காகவே அமைந்த வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது.

ஆகவே பள்ளிக்கரணை ஃபேன்ஸி ஸ்டோரில் தொங்கும் பெயர் தெரியாத கட்டைப் பாக்கெட், கட்டையைப் பொறுத்தவரை திருட்டுச் சரக்கு அல்ல. அந்த வடிவத்தில் யாரும் செய்யலாம். இந்தியக் கம்பெனிகளும் செய்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு தீர்ப்பும் உண்டு. 1978-ல் லெகோ அறிமுகப்படுத்திய கை கால் அசையும் குட்டி மனிதன், 'மினிஃபிகர்', சுமார் 4 சென்டிமீட்டர் உயரம். அந்த உருவத்தின் டிரேட் மார்க்கை ரத்து செய்யச் சொல்லிப் போட்டிக் கம்பெனி ஒன்று ஐரோப்பாவில் வழக்குப் போட்டது. 2015 ஜூனில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தலை, உடம்பு, கால் என்ற அந்த உருவம் ஒரு பாத்திரத்தின் அடையாளம், இயந்திர உறுப்பு அல்ல என்பது அதன் பார்வை. கட்டை கைவிட்டுப் போனது. ஆள் கையில் நின்றான்.

சூப்பர் ஹீரோ எப்போது உள்ளே வந்தார்?

கட்டை பொதுச்சொத்து ஆனபிறகு ஒரு கட்டைக் கம்பெனி எதை விற்கும்? கதையை. 1999-ல் லெகோ முதல் தடவையாக ஒரு பெரிய சினிமாவின் லைசென்ஸை வாங்கியது: ஸ்டார் வார்ஸ். போர் ஆயுதங்களைப் பொம்மையாக்குவதில்லை என்று நெடுங்காலம் கொள்கை வைத்திருந்த நிறுவனம், பெயரிலேயே 'போர்' உள்ள படத்தை எடுப்பதா என்று உள்ளுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. செட்டுகள் பிய்த்துக்கொண்டு போயின. 2002-ல் சாம் ரெய்மியின் ஸ்பைடர்மேன் படம் வந்தபோது அதற்கும் செட்டுகள் வந்தன. 2006-ல் பேட்மேன்.

இந்தப் பாதை நேர்க்கோடாக இல்லை. 2003, 2004-ல் லெகோ பெரும் நஷ்டத்தில் மூழ்கித் திவாலாகும் நிலைக்குப் போனது. படம் ஓடும் வருஷம் விற்பனை ஏறும், படம் இல்லாத வருஷம் விழும் என்ற சினிமா வியாபாரத்தின் பழைய வியாதியும் அதற்கு ஒரு காரணம். 2004-ல் பொறுப்புக்கு வந்த யோர்கென் விக் நுட்ஸ்டார்ப் பொருட்களைக் குறைத்து, கடன்களைக் கட்டி, கம்பெனியைத் திரும்பவும் கட்டைக்கே கொண்டுவந்தார். லைசென்ஸை மட்டும் விடவில்லை.

இடையில் சில ஆண்டுகள் மார்வெல் பாத்திரங்களின் கட்டை லைசென்ஸ், மேலே சொன்ன மெகா பிளாக்ஸிடம் இருந்தது. 'அயன்மேன் 2' படம் வந்த 2010-ல் அந்தக் கட்டை செட்டுகளை விற்றது லெகோ அல்ல. கட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம், முகமூடி யாருக்கு என்பதை மார்வெல்தான் முடிவு செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. 2012-ல் 'அவெஞ்சர்ஸ்' படம் வந்த நேரத்தில் மார்வெல், டிசி இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக வைத்து 'சூப்பர் ஹீரோஸ்' என்ற வரிசையை லெகோ தொடங்கியது. சினிமாவில் ஒரே திரையில் வராத பேட்மேனும் ஹல்க்கும் ஒரே கடையின் ஒரே அலமாரியில் நின்றார்கள்.

அதிலிருந்து பெட்டிகள் பெருத்துக்கொண்டே போயின. 2021-ல் வந்த 'டெய்லி ப்யூகிள்' பத்திரிகை அலுவலகக் கட்டிடத்தில் 3,772 துண்டுகள், 25 ஆட்கள். 2023-ல் வந்த 'அவெஞ்சர்ஸ் டவர்' 5,201 துண்டுகள், 31 ஆட்கள். அமெரிக்காவில் விலை 500 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. பெட்டியில் வயது என்ற இடத்தில் '18+' என்று போட்டிருக்கும். சின்ன வயதில் வாங்க முடியாததைச் சம்பளம் வந்ததும் வாங்கும் ஓ.எம்.ஆர். ஐ.டி. ஊழியர்களையும் சேர்த்துத்தான் அந்த எண். 2024-ல் லெகோவின் மொத்த வருவாய் 7,430 கோடி டேனிஷ் குரோனர், முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் அதிகம். இதில் சூப்பர் ஹீரோக்கள் ஒரு பகுதிதான் என்றாலும், இப்படி இரவல் வாங்கிய கதைகள் இல்லாத லெகோவை இன்று நினைத்துப் பார்ப்பது கஷ்டம்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான ஆராய்ச்சி இருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃப் பார்ட்னெக் குழு, 1975 முதல் 2010 வரை வெளிவந்த 3,655 குட்டி மனிதர்களை எடுத்து, அவற்றில் இருந்த 628 விதமான தலைகளின் முகபாவங்களை அலசி 2013-ல் வெளியிட்டது. ஆரம்பத்தில் எல்லா ஆளுக்கும் ஒரே முகம்தான்: இரண்டு புள்ளிக் கண், ஒரு புன்னகை. 1989-ல் கடற்கொள்ளையர் வரிசை வந்தபோதுதான் வேறு முகங்கள் எட்டிப் பார்த்தன. அதன் பிறகு சிரித்த முகங்களின் பங்கு குறைந்து, கோப முகங்களின் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய மார்வெல் ஆட்கள் பலருக்கு ஒரே தலையில் முன்னே ஒரு முகம், பின்னே ஒரு முகம். தலையைத் திருப்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். நாளைக்குப் பத்துத் தடவை அழுது பத்துத் தடவை சிரிக்கும் வயதுக் குழந்தைக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு அயன்மேன் எப்படித் தெரியும்?

இதற்கு டிவியும் டப்பிங்கும் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் முகமூடி மோகம் இங்கே மார்வெலோடு தொடங்கியது அல்ல. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து உலோகக் கை மட்டும் தெரியும் அந்தப் பாத்திரம் பிரிட்டிஷ் இறக்குமதி. 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்த 'ஸ்பைடர்' என்பவரும் பிரிட்டிஷ்காரர்தான். பீட்டர் பார்க்கருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பேரனிடம் 'எனக்கும் ஸ்பைடரைத் தெரியும்டா' என்று சொல்லி மாட்டிக்கொண்ட தாத்தாக்கள் உண்டு. 1997-ல் தூர்தர்ஷனில் சக்திமான் வந்தார். தமிழ் பேசிய ஹாலிவுட் ஸ்பைடர்மேன் அதற்குப் பிறகு.

2019-ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்தபோது இந்தச் சந்தையை மார்வெல் எவ்வளவு மதித்தது என்பது தெரிந்தது. தமிழ் வசனத்துக்கு ஏ.ஆர்.முருகதாஸ். அயன்மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. ஏ.ஆர்.ரஹ்மான் தனியாக ஒரு பாட்டே போட்டுக் கொடுத்தார். சேதுபதியின் குரல் டோனி ஸ்டார்க்குக்குப் பொருந்தவில்லை என்று ரசிகர்கள் சமூக வலைத்தளங்களில் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பையும் கவனிக்க வேண்டும்: பழைய டப்பிங் குரலே அவர்களுக்கு 'ஒரிஜினல்' அயன்மேன் ஆகிவிட்டிருந்தது. சொந்தம் கொண்டாடாத பாத்திரத்துக்காக யாரும் சண்டை போடமாட்டார்கள்.

படம் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டை செட் அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவருகிறது. எதைச் செய்ய வேண்டும் என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது, அதுவும் தன் உள்ளங்கைக்குள் அடங்கும் ஆளை வைத்து. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போய், தெருவில் இறங்கி விளையாட முடியாத மூன்றாவது மாடி வீட்டில், செல்போனைக் கையில் கொடுக்காமல் ஒரு மணி நேரம் பிள்ளையை உட்கார வைக்கும் பொருள் என்றால் பெற்றோருக்கும் அது பெரிய விஷயம். 'மூளைக்கு நல்லது' என்ற சமாதானமும் கூடவே வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

விலைப் பட்டியலில் என்ன இருக்கிறது?

முதலில் தரம். லெகோ கட்டைகள் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகு மட்டுமே அனுமதிக்கும் உலோக அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. மலிவான கட்டையில் இந்தத் துல்லியம் இருக்காது. ஒன்று ரொம்ப இறுகும், இன்னொன்று லொடலொட என்று கழன்று விழும். நாற்பது துண்டு வண்டியில் இது தெரியாது. ஆயிரம் துண்டுக் கோபுரத்தில் கடைசி மாடி ஏறும்போது தெரியும்.

அடுத்தது ராயல்டி. முகமூடியின் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பங்கு போகிறது. மூன்றாவது, இங்கே வந்து சேரும் செலவு. லெகோவின் தொழிற்சாலைகள் டென்மார்க், ஹங்கேரி, செக், மெக்ஸிகோ, சீனா ஆகிய நாடுகளிலும், 2025-லிருந்து வியட்நாமிலும் இருக்கின்றன, இந்தியாவில் இல்லை. இந்தியா பொம்மைகள் மீதான அடிப்படை இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்ப்பது நோக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் போன்ற நிறுவனங்களுக்கு இது உதவியது. பல ஆண்டுகள் லெகோவை இந்தியக் கடைகளுக்குக் கொண்டு சேர்த்ததும் இதே ஃபன்ஸ்கூல்தான். ஆனால் ஸ்பைடர்மேன் முகமே வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும் வீட்டில் அந்த வரியைக் கட்டுவது அப்பாதான்.

அதனால்தான் கடையில் 'லெகோ இருக்கா?' என்று கேட்டால், 'இருக்கு சார், எந்த ரேட்ல பாக்குறீங்க?' என்று பதில் வருகிறது. ஜெராக்ஸ் மாதிரி லெகோவும் இங்கே ஒரு பொதுப் பெயர் ஆகிவிட்டது. ஆயிரம் ரூபாய்க்கு மேலே அசல். கீழே 'லெகோ மாதிரி'.

'லெகோ மாதிரி' வாங்கலாமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெயரில்லாத கட்டை சட்டப்படி குற்றமல்ல என்று பார்த்தோம். ஆனால் அதே பாக்கெட்டில் அயன்மேன் முகம் அச்சடித்த ஆள் இருந்தால் கதை வேறு. அந்த முகத்துக்கு யாரும் அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். இதைப் பெரிய அளவில் செய்தது சீனாவின் 'லெப்பின்'. பெயர், பெட்டி, படம், கையேடு என எல்லாவற்றையும் அச்சு அசலாக அடித்து உலகம் முழுக்க விற்றார்கள். 2019-ல் ஷாங்காய் போலீஸ் தொழிற்சாலைக்குள் புகுந்தது. 2020-ல் முக்கியக் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதிக்கப்பட்டது.

ரிட்டர்ன் கிஃப்ட் வாங்கும் அம்மாவுக்கு மார்வெலின் ராயல்டி நஷ்டம் ஒரு கவலையாக இருக்க நியாயமில்லை. அவருக்கு முக்கியமானது வேறு: இது என்ன பிளாஸ்டிக், என்ன சாயம், வாயில் போட்டால் என்ன ஆகும்?

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்நாட்டில் செய்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்தாலும் சரி. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் மட்டும் விலக்கு. மின்சாரமோ பேட்டரியோ இல்லாத கட்டை செட்டுக்குரிய தரக்குறியீடு ஐ.எஸ். 9873. கூர்முனை, உடைந்து வரும் துண்டு, சாயத்தில் உள்ள ஈயம் போன்ற உலோகங்கள் எல்லாம் இதில் சோதிக்கப்படும். 2023 ஜனவரியில் நாடு முழுவதும் மால்கள், விமான நிலையக் கடைகள் உட்படப் பல இடங்களில் நடந்த சோதனைகளில் முத்திரை இல்லாத 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகள் பிடிபட்டன. ஆக, பெரிய கடை என்பதாலேயே முத்திரை இருக்கும் என்று நம்பிவிட முடியாது. பெட்டியில் ஐ.எஸ்.ஐ. சின்னத்துக்குக் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய லைசென்ஸ் என்பது தெரிந்துவிடும். பெட்டியே இல்லாமல் பாலிதீன் கவரில் தொங்கும் சரக்கில் தட்டுவதற்கு எண்ணே இருக்காது. அந்த இடத்தில் முடிவு சுலபம்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அசலோ போலியோ, குட்டி ஆள் செட் வேண்டாம். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனைக் குழாய்க்குள் முழுசாக அடங்கும் எந்தத் துண்டும் சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது பொம்மைச் சோதனையின் விதி. ஸ்பைடர்மேனின் தலை அதற்குள் தாராளமாக அடங்கும். அண்ணன் விளையாடிவிட்டுப் போட்டதைத் தங்கச்சிப் பாப்பா எடுக்கும் வீடுகளில்தான் ஆபத்து அதிகம். ரிட்டர்ன் கிஃப்ட் கொடுப்பவர்கள் எந்தெந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை. பெரிய பிள்ளைகள் விழுங்கினால்? இதைச் சோதிக்க ஆறு குழந்தை மருத்துவர்கள் ஆளுக்கொரு லெகோ தலையைத் தாங்களே விழுங்கிப் பார்த்து, 2018-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக 1.71 நாளில் வெளியே வந்துவிட்டது. ஒருவருடைய தலை கிடைக்கவே இல்லை. பெரியவர்கள் வயிற்றில் நடந்த இந்தச் சோதனை கைக்குழந்தைக்குப் பொருந்தாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் நாள் கணக்கு பார்க்க நேரம் இருக்காது, நேரே ஆஸ்பத்திரிதான்.

மூளைக்கு நல்லதா?

கட்டை அடுக்குவது கைக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சூப்பர் ஹீரோ செட் என்பது வெறும் கட்டைக் குவியல் அல்ல. உள்ளே ஒரு கையேடு இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சொன்னபடி செய்தால் பெட்டியில் உள்ள படம் வரும். அமெரிக்காவின் பேஜ் மோரோ, நார்வேயின் மாரிட் எங்கெசெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கையேட்டைப் பார்த்துக் கட்டியவர்கள், அதற்கு அடுத்துக் கொடுக்கப்பட்ட கற்பனை சார்ந்த வேலையில், இஷ்டப்படி கட்டியவர்களைவிடப் பின்தங்கினார்கள். கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் அல்ல. அதனால் 'கையேடு மூளையை மழுக்கும்' என்று பீதி கிளப்ப வேண்டியதில்லை. ஒரு சரியான விடையைத் தேடும் மனநிலைக்குள் போய்விட்டால் உடனே வெளியே வருவது கஷ்டம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையான பிரச்சினை கட்டி முடித்த பிறகு தொடங்குகிறது. ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து வாங்கிய செட் ஷோகேஸுக்குள் போய்விடும். 'கைய வெக்காத, கலஞ்சிடும்' என்பது அப்பாவின் உத்தரவு. வேடிக்கை என்னவென்றால் 2014-ல் வந்த 'தி லெகோ மூவி' படத்தின் வில்லனே இந்த அப்பாதான். கட்டைகள் கலையாமல் இருக்க பசை போட்டு ஒட்டப் பார்ப்பவர். லெகோ பெயரிலேயே வந்த படம் இப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த கையோடு ஒட்டி வைக்கத் தோன்றும் 18+ பெட்டிகளையும் விற்கிறது. வியாபாரம் இரண்டு பக்கமும் ஓடும்.

இந்த விஷயத்தில் மலிவு செட் வீடுகள் கொஞ்சம் பாக்கியசாலிகள். நூறு ரூபாய் வண்டி இரண்டாம் நாளே உடைந்து பொது டப்பாவில் விழுந்துவிடும். மூன்று பிறந்தநாள், நாலு ரிட்டர்ன் கிஃப்ட் ஆன பிறகு அந்த டப்பாவில் பேட்மேன் உடம்பில் ஹல்க் தலையும், தோர் கையில் தண்ணீர்க் குடமும் இருக்கும். நவராத்திரி வந்தால் கொலுப்படிக்குக் கீழே பிள்ளைகள் போடும் பார்க்கில் இவர்கள் எல்லாரும் வேலைக்கு வந்துவிடுவார்கள். செட்டியார் பொம்மைக் கடைக்கு முன்னால் கேப்டன் அமெரிக்கா காவலுக்கு நிற்பதைப் பார்த்து மாமிகள் சிரிப்பார்கள், அகற்றச் சொல்வதில்லை.

தூக்கிப் போட்டால் எங்கே போகும்?

பள்ளிக்கரணையில் இருந்துகொண்டு பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு இருக்கிறது. பல ஆண்டுக் குப்பையைத் தோண்டித் தரம் பிரிக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் மக்காது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்கரையில் ஒதுங்கிய பழைய லெகோ கட்டைகளை அலசி, கடலில் ஒரு கட்டை 100 முதல் 1,300 ஆண்டு வரை இருக்கும் என்று 2020-ல் கணித்தார்கள். பழைய பாட்டில் பிளாஸ்டிக்கில் கட்டை செய்து பார்த்த லெகோ, மொத்தத்தில் கரியமில வாயு அதிகமாகிறது என்று 2023-ல் அந்த முயற்சியைக் கைவிட்டது.

ஒரு விஷயம் கட்டைக்குச் சாதகம். உடையாததால் இதை யாரும் சீக்கிரம் தூக்கிப் போடுவதில்லை. அண்ணனிடமிருந்து தம்பிக்கு, அங்கிருந்து மாமா பையனுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். மிக்ஜாம் போன்ற வெள்ளத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் கட்டையைக் கழுவி வெயிலில் காயப்போட்டால் போதும். அட்டைப் பெட்டியும் கையேடும்தான் போகும். பெட்டி கலையாமல் வைத்திருந்து பின்னால் விற்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் மட்டும் அதற்காக வருத்தப்படுவார்கள்.

கையேடு போன வீட்டில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். குட்டி மனிதனின் தலை மட்டுமல்ல, மணிக்கட்டோடு கையும் கழன்று வரும். வேறு ஆளின் கையை அங்கே மாட்டலாம். இரும்புக்கை மாயாவிக்கு லெகோ செட் போட்டதில்லை. ஆனால் சாதாரண சட்டை போட்ட ஓர் ஆளை எடுத்து, அவனுடைய வலது கையைக் கழற்றிவிட்டு, ரோபோ ஒன்றின் சாம்பல் நிறக் கையை மாட்டிக் கொடுத்தால், பேரன் பார்க்காத காமிக்ஸின் நாயகன் ரெடி. அதற்கு யாருக்கும் ராயல்டி கிடையாது. 'யாரு தாத்தா இது, எந்தப் படத்துல வராரு?' என்று பேரன் கேட்பான். கதையைத் தாத்தா முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.